பெண்களே வாங்கிய மாளிகை

"தையல் கத்துக்கவா? அதுக்குப் போய் மூணு நாள் வெளியிலே தங்கணுமா?"

இந்தக் கேள்வி நம் வீடுகளில்தான் எழும் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்திலும் எழுவதுண்டாம்! அங்குள்ள கிராமத்துப் பெண்கள் அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து பணம் திரட்டி, ஒரு பழைய பிரபு மாளிகையையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். தங்கிப் படிப்பதற்கு, தங்களுக்கென்றே ஓர் இடம்!

2013-ம் ஆண்டு மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது, அந்த மாளிகையில் மூன்று நாள் தங்கி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. "போய்ட்டு வாம்மா, நாங்க சமைச்சுக்கறோம்" என்று மகள் ரயில் ஏற்றிவிட்டாள்.

குழந்தையின் பாலில் தொடங்கிய கதை

மாளிகையை வாங்கியது 'விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்' என்ற மாதர் சங்கம். அதன் வேர் இங்கிலாந்தில் இல்லை, கனடாவில் இருக்கிறது. அடிலெய்டு ஹூட்லஸ் என்ற தாய் 1889-ல் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தாள். கெட்டுப்போன பால்தான் காரணம் என்று கருதப்பட்டது. சுத்தம், உணவு, குழந்தை வளர்ப்பு இவற்றைப் பெண்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவள் ஊர் ஊராகப் பேசினாள். 1897-ல் ஒன்டேரியோ மாகாணத்தின் ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் முதல் சங்கம் பிறந்தது. பிரிட்டனின் முதல் சங்கம் 1915-ல் வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தச் சங்கத்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தோட்டங்களில் பழம் வீணாகாமல் ஜாம் காய்ச்சியும் புட்டியில் அடைத்தும் 5,300 டன்னுக்கு மேல் பாதுகாத்தார்கள். போர் முடிந்த 1945-ம் ஆண்டிலேயே, "நமக்கென்று ஒரு கல்லூரி வேண்டும்" என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். ஊருக்கு ஊர் கிளைகள் நிதி திரட்டின. ஓர் அறக்கட்டளையும் கைகொடுத்தது. ஆக்ஸ்போர்டு அருகே ஆபிங்டன் பக்கத்தில் உள்ள மார்ச்சம் பார்க் என்ற மாளிகை அவர்கள் கைக்கு வந்தது. போரின்போது விமானப்படையினர் இருந்த இடம் அது. 1917 முதல் 1946 வரை சங்கத்தின் தலைவியாக இருந்த லேடி டென்மன் பெயரால், 1948-ல் டென்மன் கல்லூரி திறக்கப்பட்டது.

ரொட்டி சுடுவது, ஜாம் காய்ச்சுவது, பூவேலை, கூடை முடைவது, சங்கீதம், இலக்கியம் என்று எத்தனையோ பாடங்கள். பரீட்சை கிடையாது. பட்டம் கிடையாது. இரண்டு மூன்று நாள் தங்கிக் கற்றுக்கொண்டு திரும்பலாம்.

படுக்கை அறைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லூரி தொடங்கியபோது, ஒவ்வொரு வட்டாரச் சங்கமும் ஓர் அறையைத் தன் பொறுப்பில் ஏற்று, கட்டில் விரிப்பு முதல் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்ததாம். மகளைப் புக்ககம் அனுப்பும் தாய் சீர் சேர்ப்பதுபோல என்று எனக்குத் தோன்றியது.

சீட்டித் துணியின் பயணம்

எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர். முதல் நாள் ஆசிரியை ஒரு படம் காட்டினார். இங்கிலாந்தின் வடமேற்கே லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் இருக்கும் ஒட்டுத்துணிப் போர்வை. சுமார் 1708-ல் தைத்தது. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் ஒட்டுவேலைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதில் உள்ள துணித் துண்டுகள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? இந்தியாவிலிருந்து!

சாயம் போகாத பூப்போட்ட இந்தியப் பருத்தித் துணிக்கு அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அப்படி ஒரு மோகம். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போயிற்று. நம் பாட்டிமார் 'சீட்டி' என்று சொன்னார்களே, அந்த வகைதான். உள்ளூர் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று 1700-ல் இறக்குமதிக்குத் தடைச் சட்டம் வந்தது. 1721-ல் உடுத்தவே தடை. 1774-ல்தான் அந்தத் தடை விலகியது. சின்னத் துண்டைக்கூட எறிய மனம் வராத துணி! ஆசிரியை இதைச் சொல்லி முடித்ததும் பதினோரு பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் உடுத்தியிருந்ததும் பூப்போட்ட பருத்திப் புடவை.

சங்கத்தின் கைவேலைக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1951-ல் லண்டனில் நடந்த 'பிரிட்டன் திருவிழா'வுக்காகக் கான்ஸ்டன்ஸ் ஹோவர்டு என்ற கலைஞர் வடிவமைத்த, சுவரளவு பெரிய பூவேலைச் சித்திரம். கிராமத்துப் பெண்ணின் அன்றாட வேலைகள்தான் அதன் பொருள். பிறகு அது டென்மனுக்கு வந்து, பல ஆண்டுகள் சுவரை அலங்கரித்தது. அடுப்படி வேலைக்கும் ஒரு சித்திரத்தின் மரியாதை!

நீங்களும் செய்து பாருங்கள்

நாங்கள் கற்றது அறுகோண ஒட்டுவேலை. இதற்கு மிஷின் வேண்டாம். ஊசி, நூல், கத்தரிக்கோல், பழைய கல்யாணப் பத்திரிகை போதும்.

பத்திரிகை அட்டையில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ள அறுகோணங்கள் ஏழு வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டியது முக்கியம். துணியைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, அட்டை மேல் மடித்து, பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை நடுவில் வைத்து, மற்ற ஆறையும் சுற்றிலும் வைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து நெருக்கமாகத் தையுங்கள். பூ ஒன்று மலர்ந்துவிடும்! ஆறு பக்கமும் அண்டை அறுகோணங்கள் சேர்ந்த பிறகே நடு அட்டையை உருவ வேண்டும். இப்படிப் பல பூக்கள் சேர்ந்தால் மேல்துணி. அதன் கீழே மெல்லிய பஞ்சு அடுக்கு, அதற்கும் கீழே அடித்துணி வைத்து, மூன்றும் நகராதபடி ஓட்டுத்தையல் போட்டால் போர்வை தயார்.

அந்தக் காலத்துப் பெண்கள் பழைய கடிதங்களையும் கணக்குத் தாள்களையும் வெட்டி உள்ளே வைத்தார்கள். முடிக்காமல் விட்ட போர்வைகளில் அந்தத் தாள்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் படித்துத்தான் போர்வையின் காலத்தை ஆராய்ச்சியாளர்கள் கணிக்கிறார்களாம்.

உடம்பையும் கவனியுங்கள். வலது கையால் தைப்பவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும். வேலையை மடிக்குக் குனிந்து பார்க்காமல், தலையணை மேல் வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் தூக்கிச் சற்றுத் தொலைவில் உள்ள எதையாவது பாருங்கள். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்.

யாரோ போட்டுக் கொடுத்த டீ

இரண்டாம் நாள் காலை, யார்க்ஷயரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியம்மாள் டீக் கோப்பையைப் பிடித்தபடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். "கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆச்சு. காலை டீயை வேறே யாரோ போட்டுக் கொடுத்து நான் குடிக்கிறது இங்கே வந்தால்தான்" என்றார். கணவர் நல்லவர்தானாம். "அவருக்குத் தோணாது, அவ்வளவுதான்!"

தையலை அவர் வீட்டிலிருந்தே கற்றிருக்கலாம். ஆனால் வீட்டில் ஊசியை எடுத்தால் கதவு மணி அடிக்கும், பால் பொங்கும், யாரோ கூப்பிடுவார்கள். பெண்ணின் நேரம் எல்லோருக்கும் பொது என்பது அங்கேயும் எழுதாத சட்டம். கை ஒரு வேலையில் ஊன்றிப் பழக, இடையூறு இல்லாத நேரம் வேண்டும். அந்த மாளிகை விற்ற சரக்கு தையல் மட்டுமல்ல, அந்த நேரமும்தான். அதைத் தாங்களே பணம் போட்டு உண்டாக்கிக்கொண்டதுதான் அந்தப் பெண்களின் கெட்டிக்காரத்தனம்.

கதவு மூடியது

டென்மன் இன்று இல்லை. 2020-ல் கொரோனா வந்து வகுப்புகள் நின்றன; செலவைத் தாங்க முடியாமல் அதே ஆண்டு நிரந்தரமாக மூடுவதென்று சங்கம் முடிவு செய்தது. 72 வருஷத்து வீடு! செய்தி கேட்டபோது பிறந்தகம் விற்றுப்போனது போல இருந்தது.

வீட்டிலிருந்தபடியே கற்க இணைய வகுப்புகள் வந்தன. நல்லதுதான், பயணச் செலவு மிச்சம். ஆனால் அதே சமையலறை, அதே கதவு மணி! சிச்செஸ்டர் அருகே வெஸ்ட் டீன் மாளிகையில் 1971 முதல் கைவினைக் கல்லூரி நடக்கிறது. அங்கே குறுகிய காலத் தங்கு வகுப்புகள் உண்டு. சித்திரக் கம்பள நெசவுக்குப் பெயர்போன இடம். அது ஒரு செல்வந்தர் எழுதிவைத்த சொத்து. டென்மனோ கிராமத்துப் பெண்கள் சேர்ந்து வாங்கியது. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

மாளிகை வேண்டாம், சகோதரிகளே. நாலு தோழிகள், ஒரு வீட்டு மாடி, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு போதும். ஆளுக்கு நூறோ இருநூறோ போட்டுச் சாப்பாட்டை வெளியிலிருந்து வரவழையுங்கள். அந்த இரண்டு நாளும் யாரும் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. இது ஒன்றுதான் கட்டாய விதி. முதலில் ஒரு பூ தையுங்கள், ஏழே துண்டு. பழைய சீட்டிப் புடவை பீரோவின் அடித்தட்டில் இல்லாமலா போய்விடும்?