வெம்மையும் உயிரிரையும்: திருகோணமலைத் தூண்டிற்றொழில் பற்றிய ஒரு விளக்கம்

திருகோணமலையில் சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் வள்ளத்துத் தொட்டியிலுள்ள சூடை போன்ற உயிரிரைகள் எளிதில் மடிவதன் காரணத்தை நாம் நீரிலேயே தேடுதல் வேண்டும். 20 பாகை செல்சியஸில் லீற்றருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கவல்ல கடல்நீர், 30 பாகையில் 6.2 மில்லிகிராம் அளவையே தாங்கும். மீனின் தேவையோ வெப்பத்தோடு பெருகுகிறது. கழிவில் சேரும் அமோனியாவின் நச்சும் ஏறுகிறது.

ஆகவே நெருக்கத்தைக் குறைத்தல், நிழலிடல், நீரை அடிக்கடி மாற்றல், இறந்தவற்றை உடன் அகற்றல் ஆகியன இன்றியமையாதன. பனிக்கட்டியை நேரே இடலாகாது. உவர்ப்புக் குறையும், திடீர்க் குளிரும் மீனைத் தாக்கும். மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவின் முகத்துவாரத்தருகே நீர் மாற்றுவதும் அவ்வாறே தீது.

இரை மடியின் எரிபொருளையும் ஒருநாள் உழைப்பையும் இழப்பவர் சிறு தொழிலாளரே. எனவே இவ்வறிவைக் கரைக்குக் கொண்டுசெல்லல் நம் கடன்.