‘கட்டர் கிளீனிங்’ விளம்பரங்கள் சொல்வது என்ன, சொல்லாதது என்ன? குடியிருப்புச் சங்கங்கள் அறிய வேண்டியவை

புனே: “24 மணி நேரச் சேவை”, “பயிற்சி பெற்ற பணியாளர்கள்”, “நவீன இயந்திரங்கள்”, “முழுமையான சுத்தம்”. கழிவுநீர்த் தொட்டிகளையும் சாக்கடைகளையும் சுத்தம் செய்து தரும் நிறுவனங்கள் தங்கள் சேவையைப் பெரும்பாலும் இத்தகைய சொற்களால்தான் அறிமுகப்படுத்துகின்றன. தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த புனேவின் கராடி பகுதியும் இதற்கு விலக்கல்ல. ஆனால், தொட்டிக்குள் மனிதர் இறக்கப்படுவாரா என்ற முக்கியக் கேள்விக்கு இச்சொற்களில் விடை இல்லை.

கராடியை அடுத்துள்ள வாகோலியில் 2022 அக்டோபரில், தனியார் குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அதனால், இவ்வட்டாரக் குடியிருப்புச் சங்கங்களுக்கு இக்கேள்வி மிக அருகில் நிற்கிறது.

‘கட்டர்’ என்பது எது?

மராத்தியிலும் இந்தியிலும் ‘கட்டர்’ என்ற ஒரே சொல் பலவற்றைக் குறிக்கிறது. சாலையோர மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை, அதன் மேன்ஹோல் ஆகிய அனைத்தும் பேச்சுவழக்கில் கட்டர்தான். செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதும் பல நேரங்களில் இதே தலைப்பில் விளம்பரப்படுத்தப்படுகிறது.

ஆனால் இவற்றின் ஆபத்து ஒரே அளவானதல்ல. திறந்த வடிகாலில் மண் அள்ளுவது வேறு. மூடிய தொட்டிக்குள் இறங்குவது வேறு. எனவே, ஒப்பந்தம் செய்யும்போது எந்த இடம், எவ்வளவு ஆழம், மூடியதா திறந்ததா என்பதை எழுத்தில் குறிப்பிடுவது முதல் தேவையாகும்.

இயந்திரம் என்றால் எந்த இயந்திரம்?

விளம்பரங்களில் வரும் ‘நவீன இயந்திரம்’ பொதுவாக இரண்டில் ஒன்றைக் குறிக்கும். முதலாவது, கழிவுநீர் உறிஞ்சும் லாரி. இதிலுள்ள பம்ப் வெற்றிடத்தை உருவாக்கி, குழாய் வழியே கழிவை லாரியின் தொட்டிக்குள் இழுக்கும். இரண்டாவது, ஜெட்டிங் இயந்திரம். இது உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி, குழாயில் உள்ள அடைப்பை உடைக்கும்.

நீர்த்த கழிவை உறிஞ்சும் லாரி எளிதில் அகற்றிவிடும். பல ஆண்டுகள் திறக்கப்படாத தொட்டியின் அடியில் இறுகிக் கிடக்கும் சேற்றை அதனால் எளிதில் இழுக்க முடியாது. மேலிருந்தே ஜெட்டிங் மூலம் நீரைச் செலுத்திச் சேற்றைக் கரைத்து, பின்னர் உறிஞ்சுவதே பாதுகாப்பான முறை. அதற்குக் கூடுதல் நேரமும் செலவும் ஆகும். அந்தச் செலவைத் தவிர்க்கவே வாளியும் மண்வெட்டியுமாக ஆள் இறக்கப்படுகிறார்.

கட்டண முறையையும் இங்குக் கவனிக்க வேண்டும். லாரி லோடு கணக்கில் பேசினால், லோடு நிரம்பியதும் வேலை முடியும். ‘அடிவரை முழுமையான சுத்தம்’ என்று மொத்தத் தொகை பேசப்பட்டால், அந்த அடிச்சேற்றை எவ்வாறு எடுப்பார்கள் என்று கேட்பது அவசியம்.

முகக்கவசம் போதுமா?

மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் தேங்கும், ஆக்சிஜன் குறையும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டையின் வாடை உண்டு. எனினும் அதன் அடர்த்தி கூடும்போது மூக்கு மரத்துப்போவதால் வாடையே தெரியாது. சேற்றைக் கிளறும்போது அதில் அடைபட்டிருக்கும் வாயு திடீரென வெளியேறும். துணியும் சாதாரண முகக்கவசமும் இதைத் தடுப்பதில்லை. மயங்கியவரைக் காப்பாற்ற எவ்விதக் கருவியுமின்றி இறங்குபவர்களும் அடுத்தடுத்து உயிரிழப்பது இதனால்தான்.

சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

மனிதக் கழிவுகளை மனிதரே அகற்றும் முறையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சாக்கடை, செப்டிக் டேங்க் ஆகியவற்றின் அபாயகரமான சுத்தப் பணியில் எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. உரிய பாதுகாப்புச் சாதனங்கள் வழங்காமல் செய்விப்பதே அபாயகரமான சுத்தப் பணி. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் இது 5 ஆண்டு, ரூ.5 லட்சம் வரை உயரும்.

பாதுகாப்புச் சாதனங்கள் இருந்தாலும், இயந்திரத்தைப் பயன்படுத்தவே முடியாத சில சூழல்களில் மட்டுமே, உள்ளாட்சி அமைப்பின் தலைமை அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியுடன் ஆள் இறங்கலாம் என விதிகள் கூறுகின்றன. ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ என்ற சொற்களால், “ஒப்பந்ததாரர்தான் ஆளை அழைத்து வந்தார்” என்று குடியிருப்புச் சங்கம் எளிதில் விலகிக்கொள்ள இயலாது.

மும்பை கோவண்டியில் 2019 டிசம்பரில் தனியார் குடியிருப்பின் தொட்டியில் 3 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களின் மனைவியர் தொடர்ந்த வழக்கில், தலா ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்குமாறு மகாராஷ்டிர அரசுக்கு 2021 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தொகையை இறப்புக்குப் பொறுப்பானவர்களிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. சாக்கடைப் பணி உயிரிழப்புக்கான இழப்பீட்டை 2023 அக்டோபர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரூ.30 லட்சமாக உயர்த்தியது.

மத்திய அரசு மேற்கொண்ட சமூகத் தணிக்கை ஒன்றின் முடிவுகள் 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டன. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த 54 உயிரிழப்புகள் அதில் ஆராயப்பட்டன. அவற்றுள் 49 பேர் எவ்விதப் பாதுகாப்புச் சாதனமும் இன்றி இறங்கியவர்கள். 38 பேர் தனிப்பட்ட முறையில் வேலைக்கு அழைக்கப்பட்டவர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* தொட்டிக்குள் எந்த நிலையிலும் ஆள் இறங்கமாட்டார் என எழுதித் தருவீர்களா?
* அடிச்சேற்றை எந்த இயந்திரத்தால் எடுப்பீர்கள்?
* மூடியைத் திறந்த பின் வாயுவைச் சோதிக்கும் கருவி உள்ளதா?
* அகற்றிய கழிவை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுவீர்கள்?

இவற்றில் முதல் கேள்விக்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தைத் தவிர்ப்பதே நல்லது. செப்டிக் டேங்கை 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்தால் சேறு இறுகுவதும், ஆளை இறக்கும் நெருக்கடியும் குறையும். சாக்கடை மற்றும் செப்டிக் டேங்க் தொடர்பான உதவிக்கு 14420 என்ற எண் அறிவிக்கப்பட்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.