ஏழு முறை கழுவுவது ஏன்?

பாடியில் ஒரு தெரு வழியே நடந்து பாருங்கள். சில வீட்டு வாசல்களில் சோற்றுக் கற்றாழை தலைகீழாகத் தொங்கும். மண் இல்லை, நீர் இல்லை. ஆயினும் பல நாட்கள் பசுமையாகவே இருக்கும். மடலுக்குள் அது நீரைச் சேமித்து வைத்திருப்பதே காரணம். உள்ளே உள்ள ‘சோறு’ ஏறத்தாழ 99 விழுக்காடு நீர்தான்.

வெயிலில் தோல் எரிந்து அரிக்கும்போது பாட்டிமார் தடவச் சொல்வது இந்தச் சோற்றைத்தான். இதில் அறிவியல் உண்டா?

உண்டு. ஒரு கிராம் நீர் தோலின் மீதிருந்து ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை உட்கொள்கிறது. அதில் பெரும்பகுதி தோலிலிருந்தே செல்வதால் தோல் குளிர்கிறது. குளிர்ச்சி அரிப்புணர்வைத் தணிக்கிறது. வெறும் நீர் வழிந்தோடிவிடும். கற்றாழைக் கூழிலோ நீண்ட சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுகள் நீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஆகவே தடவியபின் மின்விசிறியின் கீழ் அமர்ந்தால் பலன் விரைவில் தெரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மடலை வெட்டியதும் மஞ்சள் நிறச் சாறு கசிகிறதல்லவா? அது சோறு அன்று. தோலை ஒட்டி ஓடும் கசப்புப் பால். அதில் அலோயின் என்னும் பொருள் உள்ளது. இப்பாலை உலர்த்தியதே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம். அது கடும் பேதி மருந்து. இந்தப் பால் பட்டால் சிலருக்குத் தோல் மேலும் அரிக்கும்.

‘சோற்றை ஏழு முறை கழுவு’ என்று பெரியோர் சொல்வது இதற்காகவே. ஒரு கழுவலில் பாதிப் பால் நீங்குவதாகக் கொள்வோம். இரண்டாவதில் எஞ்சுவது 4-இல் 1 பங்கு. மூன்றாவதில் 8-இல் 1 பங்கு. ஏழாவதில்? 128-இல் 1 பங்குதான்! ஆனால் ஒவ்வொரு முறையும் புதுநீர் வேண்டும். அதே நீரில் ஏழு முறை அலசினால், கரைந்த பால் அந்த நீரிலேயே நிற்கும்.

1935-இல் அமெரிக்க மருத்துவர்கள் எக்ஸ்-கதிரால் புண்பட்ட தோலுக்குக் கற்றாழையைப் பயன்படுத்தியதை வெளியிட்டனர். அதன்பின் நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. எனவே அதைச் சர்வரோக நிவாரணி என்று எண்ண வேண்டாம்.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். ஆழ்ந்த புண்ணில் தடவாதீர்கள். சொறி சிரங்கு ஒரு நுண்ணிய பூச்சியாலும், படர்தாமரை பூஞ்சையாலும் வருபவை. குளிர்ச்சி அவற்றைக் கொல்லாது. இரவில் அரிப்பு மிகுந்தாலோ, வீட்டில் மற்றவர்க்கும் பரவினாலோ, தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.