எல்.எல்.ஆர். தேர்வு: பிள்ளையே படித்து எழுதட்டும்

பள்ளி இறுதித் தேர்வுகள் முடிந்து விடுமுறை விட்டதும் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் விசாரிப்புகளில், கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் அடுத்தபடியாக நிற்பது ஓட்டுநர் உரிமம்தான். “பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு, எல்.எல்.ஆர். போடணும், யாரைப் பார்க்கணும்?” என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். “அதுக்கு என்ன படிக்கணும்?” என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

எல்.எல்.ஆர். என்பது பழகுநர் உரிமம். வண்டி ஓட்டிப் பழகுவதற்கு அரசு தரும் அனுமதி. இதைப் பெறுவதற்குக் கணினியில் ஒரு சிறு தேர்வு எழுத வேண்டும். கேள்வியும் அதன் கீழே சில விடைகளும் திரையில் வரும், சரியானதைத் தொட வேண்டும். தமிழிலேயே எழுதலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நூற்றுக்கு 60 பங்கு சரியாக வந்தால் தேர்ச்சி. தவறினாலும் குடி மூழ்கிவிடாது, கட்டணம் கட்டி மறுபடி எழுதலாம்.

இவ்வளவு எளிதாக இருப்பதே இதை அலட்சியப்படுத்தவும் காரணமாகிவிட்டது. ஆதார் வழியாக விண்ணப்பித்தால் அலுவலகத்துக்குப் போகாமலே பழகுநர் உரிமம் பெறலாம் என்று மத்திய அரசு 2021இல் அறிவித்தது. நல்ல வசதிதான். ஆனால் அண்ணன் விடை சொல்ல தம்பி பட்டனைத் தட்டுவதும், புரோக்கரிடம் போனைக் கொடுத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பதும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டன. பிறகு ஒரு மாதம் டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடப் பழகுகிறார்கள். எட்டுப் போடும்போது கால் தரையில் படாமல் வண்டி திரும்புகிறதா என்று பார்ப்பார்களே தவிர, தொடர்ச்சியான மஞ்சள் கோட்டைத் தாண்டலாமா கூடாதா என்று யாரும் உட்கார வைத்துக் கேட்பதில்லை. சாலை விதி தெரியுமா என்று ஒரு மனிதரை அரசு கேட்கிற இடம், நடைமுறையில், இந்த எல்.எல்.ஆர். தேர்வு ஒன்றுதான். அதையும் வேறொருவர் எழுதிவிட்டால், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க விதி தெரியாமலேயே ஓட்டுவான்.

யார் எழுதலாம் என்பதில் நம் வீடுகளில் இன்னும் குழப்பம் இருக்கிறது. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 16 வயதிலேயே வாங்கலாம் என்று சொல்வது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். அதற்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சி.சி.க்கும் மேல். ஆகவே பிளஸ் டூ படிக்கும் பையன் டியூஷனுக்கு ஓட்டிப் போகும் ஸ்கூட்டருக்கு அவன் உரிமம் வாங்கவே முடியாது என்பதுதான் நிலை. பேட்டரி வண்டிக்கு உரிமம் தேவையில்லை என்பதும் பாதி உண்மை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட சிறு வண்டிகளுக்குத்தான் விலக்கு.

பெற்றோர் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டுகிறோம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. 25 வயது வரை உரிமம் இல்லை என்றால் டெலிவரி வேலையும் இல்லை, டாக்ஸியும் இல்லை, வளைகுடாவில் டிரைவர் வேலை என்ற பேச்சும் இல்லை. “பக்கத்துத் தெருவுக்குத்தானே” என்று சாவியைக் கொடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று இன்சூரன்ஸ். உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டி ஒருவரை மோதிவிட்டால், காயம்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டை வண்டியின் உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. அத்தாவின் பெயரில் ஆர்.சி. இருந்தால் அத்தாவின் வீடும் கடையும்தான் பதில் சொல்ல வேண்டிவரும். பழகுநர் உரிமம் செல்லுபடியாகும் உரிமம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொல்லியிருக்கிறது. அந்தச் சிறு தாள் அவ்வளவு பெரிய வேலை செய்கிறது.

விண்ணப்பம் சாரதி பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில். அதேபோன்ற தோற்றத்தில் தனியார் தளங்களும் இருப்பதால் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்திலும் செய்யலாம். வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். 40 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவச் சான்றும் சேர்க்க வேண்டும். மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய், அதோடு சிறிது சேவைக் கட்டணம். புரோக்கர் ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். வண்டி வகையைத் தேர்வு செய்யும்போது கவனம் தேவை. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் வாங்கிவிட்டு அண்ணனின் பைக்கை எடுத்தால் அது உரிமம் இல்லாமல் ஓட்டுவதாகவே ஆகும். பைக்கும் காரும் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் குறிக்கலாம்.

இனி படிப்புக்கு வருவோம். நான்கு மாலை வேளைகள் போதும் என்பது எங்கள் அனுபவம்.

முதல் மாலை சின்னங்களுக்கு. நூற்றுக்கு மேற்பட்ட சின்னங்களைப் பார்த்ததும் பிள்ளைகள் மிரண்டு மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். மனப்பாடம் வேண்டாம், முதலில் வடிவத்தைப் பாருங்கள். சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கிறது. முன்னே வளைவு, பள்ளி, குறுகிய பாலம், ரயில்வே கேட் என்று தகவல் சொல்லி நம்மைத் தயார்ப்படுத்துகிறது. வட்டம் கட்டளையிடுகிறது, மீறினால் குற்றம். நீலச் செவ்வகம் வழிகாட்டுகிறது: மருத்துவமனை, பெட்ரோல் பங்க், உணவகம். எட்டு மூலைச் சிவப்புப் பலகை ‘நில்’. தலைகீழ் முக்கோணம் ‘வழி விடு’. இந்த இரண்டுக்கு மட்டும் தனி வடிவம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. மண் படிந்து எழுத்து மறைந்திருந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும், வடிவமே சொல்லிவிடும்.

வடிவம் பிடிபட்டால் குழப்பும் கேள்விகள் தெளிந்துவிடும். வலப்பக்கம் வளைந்த அம்புக்குறி முக்கோணத்துக்குள் இருந்தால் ‘முன்னே வலப்பக்க வளைவு’. சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோட்டோடு இருந்தால் ‘வலப்பக்கம் திரும்பாதே’. நீல வட்டத்துக்குள் இருந்தால் ‘கட்டாயம் வலப்பக்கம் திரும்பு’. அம்பு ஒன்றுதான், சட்டம் மூன்று. ஹாரன் படமும் அப்படியே: சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் இருந்தால் ஒலி எழுப்பத் தடை, நீல வட்டமாக இருந்தால் கட்டாயம் ஒலி எழுப்ப வேண்டும். நீலப் பின்னணியில் சிவப்புக் கோடு ஒன்று இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது, இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. தேர்வில் இதற்குச் சரியாக விடை எழுதியவர்களே ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் இரண்டு வரிசையாக வண்டியை நிறுத்துவதையும், ஆம்புலன்ஸ் ஒன்று தெருமுனையில் திணறுவதையும் நாம் பார்க்கிறோம். ஆம்புலன்ஸுக்கு வழி விடாததற்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

இரண்டாம் மாலையும் மூன்றாம் மாலையும் யாருக்கு யார் வழி விடுவது என்பதற்கு. பிள்ளைகள் அதிகம் தவறு செய்வது இங்கேதான், ஏனென்றால் தெருவில் பார்ப்பது ஒன்று, சட்டத்தில் இருப்பது வேறு. சிக்னலும் போலீஸும் இல்லாத சந்திப்பில் நமக்கு வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். பெரிய வண்டிக்கு என்றோ வேகமாக வருபவருக்கு என்றோ விடை கொடுத்திருந்தால் ஏமாற வேண்டாம். மலைப்பாதையில் மேலே ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் நிறுத்திவிட்டு மறுபடி இறங்கலாம், ஏற்றத்தில் நின்ற பாரவண்டியை நகர்த்துவது கடினம். குறுகிய பாலத்தில் எதிர்வண்டி ஏறத் தொடங்கிவிட்டால், அது கடந்து முடியும்வரை நாம் இப்பால் நிற்க வேண்டும். வெள்ளைக் கம்பு வைத்திருப்பவர் சாலையைக் கடந்தால் நின்றுவிட வேண்டும், ஹாரன் அடிப்பது விடையல்ல.

முந்துவது வலப்பக்கமாக மட்டும். முன்னே போகும் வண்டி வலப்பக்கம் திரும்பப் போவதாக சைகை காட்டி நடுவுக்கு நகர்ந்திருந்தால் இடப்பக்கமாகப் போகலாம், அது ஒன்றே விலக்கு. சிவப்பு விளக்கு எரியும்போது இடப்பக்கம் மட்டும் தாராளமாகத் திரும்பலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கான பலகையோ விளக்கோ இருக்கும் இடத்தில் மட்டுமே திரும்பலாம். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் நின்று பார்த்துப் போக வேண்டும், மஞ்சள் விட்டுவிட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்துக் கவனமாகப் போக வேண்டும். விளக்கு பச்சையாக இருந்தும் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினால் அவர் கையே சட்டம். ஆளில்லாத ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, கூட வந்தவரை இறக்கி இருபுறமும் பார்க்கச் சொல்லி, தனியாக இருந்தால் தானே இறங்கிப் பார்த்து, பிறகுதான் கடக்க வேண்டும்.

நான்காம் மாலையில் ஓட்டுநரின் கடமைகள். உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தாலும் ஏற்பார்கள். விபத்து நடந்தால் முதல் கடமை காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது. அங்கே போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் ஆத்திரத்தில் அடிக்க வரும் நிலையைச் சட்டமே விலக்காகச் சொல்கிறது. அப்போதும் நேராகக் காவல் நிலையம்தான் போக வேண்டும், ஊருக்கு ஓடக் கூடாது. வழியில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் சேர்க்கும் மூன்றாம் மனிதருக்கு வழக்கு வரும் என்ற பயம் இன்று தேவையில்லை. 2019 திருத்தத்தில் அவருக்குப் பாதுகாப்பு உண்டு, பெயரைச் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடப்பில் இருப்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவையுங்கள்.

ஹெல்மெட் கேள்வி நிச்சயம் வரும். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் கட்டாயம். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் சட்டம் விலக்கு தருகிறது, தொப்பிக்கும் ஹிஜாபுக்கும் விலக்கு இல்லை. எனவே சகோதரிகள் ஹெல்மெட் வாங்கும்போது ஹிஜாபுடனே போட்டுப் பார்த்து அளவு எடுங்கள். பின்பக்கம் பெரிய முடிச்சோ ஊசியோ இருந்தால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் கம்பிக் காப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அழகு கெடுகிறது என்று பையன்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்ட பைக்கில் பர்தா அணிந்த உம்மாவை ஏற்றிப் போவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பைக்கில் பின்னால் ஒருவர் மட்டுமே. 2023 பிப்ரவரியிலிருந்து நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மதரஸாவுக்கு மூன்று பிள்ளைகளை ஒரே வண்டியில் ஏற்றும் பெற்றோர் இதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தால் நல்லது.

தேர்வு நாளுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் குறைந்த நேரமே தருவார்கள், எனவே முதலில் கேள்வியைப் பார்க்காமல் விடைகளுக்குத் தாவாதீர்கள். சாரதி தளத்திலேயே மாதிரித் தேர்வு இருக்கிறது, நான்கைந்து முறை எழுதிப் பாருங்கள். வீட்டிலிருந்து எழுதுபவர்களுக்கு முன்னதாகச் சாலைப் பாதுகாப்புப் படம் ஒன்று வரும். அதை ஓடவிட்டு எழுந்து போகாமல் பாருங்கள்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகே ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். அதுவரை வண்டியில் முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு ‘எல்’ எழுத்து வேண்டும், உரிமம் உள்ள ஒருவர் கூட இருந்து பழக்க வேண்டும். தனியாக ஊர் சுற்ற அது அனுமதி அல்ல.

டிரஸ்ட் அலுவலகத்துக் கணினியில் மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்க யார் வந்தாலும் உதவுகிறோம். ஆதாரோடு இணைத்த கைப்பேசியை எடுத்து வந்தால் விண்ணப்பமும் போட்டுத் தருவோம். தேர்வை மட்டும் யாருக்காகவும் நாங்கள் எழுதித் தர மாட்டோம், தயவுசெய்து கேட்காதீர்கள்.