போர்க் கப்பல்கள் மூடிய கால்வாய்

உலகில் எங்கு யுத்தம் மூண்டாலும், "ஆயுத பலம் உள்ளவன்தானே வெல்வான்!" என்று பலரும் பேசிக்கொள்வதுண்டு. ஆனால் களத்தில் வெல்வது வேறு. எதற்காகப் போருக்குப் போனார்களோ அதை அடைவது வேறு. இதற்கு 1956ஆம் ஆண்டின் சுயஸ் யுத்தம் நல்லதோர் உதாரணமாகும்.

சுயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டது. எகிப்திய மண்ணில், எகிப்தியரின் உழைப்பில் வெட்டப்பட்ட போதிலும், அதன் நிர்வாகமும் இலாபத்தின் பெரும்பங்கும் ஐரோப்பியர் கைகளிலேயே இருந்தன. மத்திய கிழக்கின் எண்ணெய் ஐரோப்பாவுக்குச் சென்றதும், நமது தேயிலை லண்டனுக்குச் சென்றதும் இவ்வழியேதான்.

அஸ்வான் அணைக்கு வாக்களித்த உதவியை அமெரிக்காவும் பிரித்தானியாவும் 1956 ஜூலையில் வாபஸ் பெற்றன. அம்மாதம் 26ஆம் திகதி, ஜனாதிபதி ஜமால் அப்துல் நாஸர் கால்வாயைத் தேசியமயமாக்கினார். அதன் வருமானத்தில் அணை கட்டப்போவதாக அறிவித்தார். கப்பல்களுக்கு வழிகாட்டிய ஐரோப்பிய மாலுமிகளில் பெரும்பாலானோர் செப்டம்பரில் வேலையை விட்டு விலகினர். அப்போதும் கப்பல்கள் வழக்கம்போல் சென்றுவந்தன.

இரகசியத் திட்டம்

பிரித்தானியா, பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய மூன்றும் இரகசியமாகக் கூடித் திட்டம் தீட்டின. ஒக்டோபர் 29இல் இஸ்ரேல் சினாய்க்குள் புகுந்தது. சண்டையை விலக்க வருவதாகக் கூறி மற்ற இரு நாடுகளும் குண்டு வீசின. நவம்பர் 5, 6ஆம் திகதிகளில் அவற்றின் துருப்புகள் போர்ட் ஸயீதில் இறங்கின. அந்நகரில் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர்.

களத்தில் அவர்களுக்கே வெற்றி. ஆனால் நடந்தது என்ன?

எண்ணெய் தடையின்றி வரவேண்டும் என்றார்கள். எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. 1957 ஏப்ரல் வரை அது முழுமையாகத் திறக்கப்படவில்லை. சிரியாவில் எண்ணெய்க் குழாய்ப் பாதை தகர்க்கப்பட்டது. டிசம்பரில் பிரித்தானியாவிலேயே பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது.

நாஸரை வீழ்த்த எண்ணினார்கள். அவர் அரபுலகின் வீரரானார். பதவியிழந்தவர் பிரித்தானியப் பிரதமர் அந்தனி ஈடனே!

ஐ.நா. பொதுச்சபை 64க்கு 5 என்ற வாக்குகளால் போர்நிறுத்தம் கோரியது. ஸ்டேர்லிங் நாணயம் தள்ளாடியபோது, நேச நாடான அமெரிக்காவும் கைகொடுக்க மறுத்தது. நவம்பர் 6 நள்ளிரவில் போர் ஓய்ந்தது. டிசம்பர் 22இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் முற்றாக வெளியேறின. பழைய கம்பனியின் பங்குதாரர்களுக்கான நட்டஈடு, 1958இல் உலக வங்கியின் மத்தியஸ்தத்துடன் பேசித் தீர்க்கப்பட்டது. பேச்சு முடித்ததைப் பீரங்கியால் முடிக்க இயலவில்லை.

பாடம் எல்லோருக்கும்

இது மேற்கத்தேயருக்கு மட்டுமான பாடமல்ல. அதே நாஸர் 1962இல் யெமன் நாட்டின் உள்நாட்டுப் போருக்குத் தம் படையை அனுப்பினார். முஸ்லிம்கள் முஸ்லிம்களையே கொன்ற அப்போரில் எகிப்து ஐந்து ஆண்டுகள் சிக்கித் தவித்தது. 1967இல், எண்ணியதை முடிக்காமலேயே படை திரும்பியது.

யானைப் படையோடு கஃபாவை இடிக்க வந்தோரின் முடிவை, நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே ஸூரத்துல் பீலில் ஓதுகின்றனர். போர்ச் செய்திகளைக் கேட்கும்போது, "யார் வென்றார்?" என்பதுடன் நில்லாமல், "எதற்காகப் போனார்கள்? அது கிடைத்ததா? அதற்காக யார் வீட்டில் மையித் விழுந்தது?" என்றும் கேட்க அவர்களுக்குப் பழக்குவோம். நாளை முடிவெடுக்கும் இடங்களில் அமரப்போவோர் அவர்களே அல்லவா?