ஆழ்கடலின் பொய் விளக்கு

மீனுக்கு மனிதன் தூண்டில் போடுகிறான். மீனே மீனுக்குத் தூண்டில் போடுவதுண்டோ? உண்டு என்று கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார் அரிஸ்டாட்டில். கடலடி மணலில் மறைந்திருந்து, கண்களுக்கு முன்னே நீண்டுள்ள இழைகளால் சிறு மீன்களை ஈர்க்கும் மீனை அவர் விவரித்துள்ளார்.

அதன் ஆழ்கடல் உறவினங்களோ இன்னும் வியப்புக்குரியவை. ஏறத்தாழ 1000 மீட்டருக்குக் கீழே பகலவன் ஒளி எட்டுவதில்லை. அந்த முடிவற்ற இரவில், பெண் தூண்டில் மீன் தலைமேல் ஒரு கோலைத் தாங்கி மிதக்கிறது. முதுகுத் துடுப்பின் முள்ளொன்றே அவ்வாறு கோலாகியுள்ளது. அதன் நுனியில் ஒரு குமிழ். பெரும்பாலான இனங்களில் அக்குமிழுக்குள் ஒளிரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஆகவே அவ்வொளி மீனுக்குச் சொந்தமானதன்று, இரவல் ஒளியே.

இம்மீன் இரையைத் துரத்துவதில்லை. உணவு அரிதான அவ்விடத்தில் வலிமையை வீணாக்காது காத்திருக்கிறது. பசித்து அலையும் சிறு மீன் ஒளியை நாடி வருகிறது. விளக்கைக் காண்கிறதேயன்றி, அதன் பின்னேயுள்ள கரிய வாயைக் காண்பதில்லை. வாய் திறந்ததும் நீரோடு இரையும் உள்ளே இழுபடுகிறது. உட்புறம் சாய்ந்த பற்கள் மீளவிடுவதில்லை.

இம்மீனைக் கொடியதெனப் பழித்தல் முறையன்று. படைத்தவர் அளித்த வழியில் அது உணவு தேடுகிறது. பாடம் நமக்கே. புனித யாகப்பர் தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் சோதனையை விளக்குகையில் கையாளும் கிரேக்கச் சொல், தூண்டில் இரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. சோதனையின் வலிமை இரை போடுபவனிடம் மட்டுமன்று, நம் ஆசையிலும் உள்ளது என்பதே அவர் கருத்து.

அன்பர்களே, இன்று நம் இல்லங்களில் நள்ளிரவிலும் ஒளிர்வது கைப்பேசித் திரை. ஆவணமின்றி உடனடிக் கடன் என்றும், விளையாடினால் பணம் என்றும் அது அழைக்கிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு வழியின்றித் தவிக்கும் தந்தைக்கு அது விடியலாகவே தோன்றுகிறது. தவணை தவறியதும் வாய் திறக்கிறது. வசையும் மிரட்டலும் உறவினர் வரை எட்டுகின்றன. அவரோ வெட்கத்தால் மனைவியிடமும் கூறாது இருளில் உழல்கிறார்.

ஆழ்கடலின் சிறு மீனை எச்சரிப்பார் எவருமில்லை. நமக்கோ குடும்பம் உண்டு. மாலைச் செபத்திற்குக் கூடும் வேளையில் வீட்டின் வரவையும் கடனையும் மனம்விட்டுப் பேசுங்கள். கடன்பட்டவரை ஏசுமுன், அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேளுங்கள். ஆண்டவரின் ஒளி தன்னை அணுகியவரை விழுங்குவதில்லை, கரை சேர்க்கிறது. அவ்வொளி நம் இல்லங்களில் அணையாதிருப்பதாக!