கரையேறிய பின்னும் மறவாதவர்

பாடகர் ஒருவரின் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றி வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் பேசுவானேன் என்று வாசக அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். சற்றுப் பொறுமையுடன் தொடர்ந்து படிக்க வேண்டுகிறேன். பாட்டில் தொடங்கும் இப்பேச்சு, அடியான் தன் இறைவனுக்கு அளிக்கும் வாக்கில் சென்று முடியும்.

1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கே.சி.இ.டி. என்னும் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தின் அரங்கில் ஓர் இளைஞர் கிட்டாருடன் அமர்ந்து பாடினார். கருந்தாடியும் அடர்ந்த தலைமுடியும் கொண்ட அவருக்கு அப்போது வயது 22. உடன் கிட்டார் வாசிக்க ஒருவரும், பேஸ் கிட்டார் வாசிக்க ஒருவருமாக இருவரே துணை. ஆடலில்லை, ஆரவாரமில்லை. தாமே எழுதி, தாமே இசையமைத்த பாடல்களை நாட்டுப்புற இசையின் எளிமையோடு அவர் பாடினார். கேட் ஸ்டீவன்ஸ் என்பது அன்று மேற்குலகம் அறிந்திருந்த அவருடைய மேடைப்பெயர்.

அந்நிகழ்ச்சி 2008ஆம் ஆண்டு ஒளித்தகடாக வெளிவந்தது. அன்று இளைஞராயிருந்து இன்று தலை நரைத்துவிட்ட ரசிகர்கள் அதனை மீண்டும் மீண்டும் கண்டு மகிழ்கின்றனர். தம் இளமையை நினைந்து உருகுவோர் அவர்களில் உண்டு. வேறு சிலரோ, இத்துணை இனிய குரலைப் பிற்காலத்தில் மார்க்கம் பறித்துக்கொண்டதே என்று ஏங்குகின்றனர். இந்த இரண்டாவது ஏக்கத்திற்கு விடை கூறுவது நம் கடமையாகும்.

தேடித் திரிந்த உள்ளம்

1948ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிறந்தவர் அவர். தந்தையார் சைப்ரஸ் தீவைச் சேர்ந்த கிரேக்கர். தாயார் சுவீடன் நாட்டுப் பெண்மணி. பெற்றோர் லண்டன் கடைவீதியில் உணவகம் நடத்தினர். பிள்ளை படித்ததோ கத்தோலிக்கப் பள்ளியில். பதினெட்டு வயதிலேயே இசைத்தட்டுகள் வாயிலாகப் புகழ் வந்து சேர்ந்தது. புகழுடன் போதையும் களியாட்டமும் வந்தன. பின்னர் காசநோய் வந்தது.

இருபதாம் வயதையொட்டி அவர் மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. மரணம் வாயிலில் நிற்கக் கண்ட இளைஞர், நான் யார், எங்கே செல்கிறேன் என்று தம்மைத் தாமே கேட்கலானார். பௌத்தத்தைப் படித்தார், சீனத்து நிமித்த நூலைப் புரட்டினார், எண் கணிதத்திலும் சோதிடத்திலும் விடை தேடினார். எதிலும் நெஞ்சு நிலைகொள்ளவில்லை.

1970ஆம் ஆண்டு வெளிவந்த 'டீ ஃபார் த டில்லர்மேன்' என்னும் இசைத்தட்டில் இத்தேடலின் தடங்களைக் காணலாம். தொலைக்காட்சி அரங்கில் அவர் பாடியவற்றுள் பல அதில் உள்ளவையே. ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இயலாத தந்தையும் மகனும் ஒரு பாட்டில் பேசுகின்றனர். கட்டடங்கள் வானளாவ எழும் உலகில் குழந்தைகளுக்கு விளையாட இடமேது என்று மற்றொரு பாட்டு வினவுகிறது. உண்மையைத் தேடி வழிநடப்பவனைப் பற்றிய பாட்டும் உண்டு. நல்ல நூலொன்றைக் கையிலெடுக்குமாறு அதன் இறுதியில் ஓர் அறிவுரை வருகின்றது. எந்த நூல் தம் கைக்கு வரப்போகிறது என்பதை அன்று அவர் அறிந்திருக்கவில்லை. அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே!

அலைகளின் நடுவே

1970களின் நடுப்பகுதியில் கலிஃபோர்னியாவின் மலிபு கடற்கரையில் நீந்தச் சென்றவரை நீரோட்டம் ஆழத்தை நோக்கி இழுத்துச் சென்றது. கைகால்கள் ஓய்ந்தன, கரையோ தொலைவில். செல்வமும் புகழும் உதவாத அந்த வேளையில், தம்மைக் காப்பாற்றினால் இறைவனுக்காகவே உழைப்பதாக அவர் வாக்களித்தார். அப்போது எழுந்த ஓர் அலை அவரைக் கரைப்பக்கம் உந்தித் தள்ளியது. அவர் உயிர் பிழைத்தார்.

அன்பர்களே! இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது திருமறையின் வசனங்கள் நம் நினைவுக்கு வரவில்லையா? நாற்புறமும் அலைகள் சூழும்போது மனிதன் கலப்பற்ற உள்ளத்தோடு இறைவனை அழைப்பதையும், கரை சேர்ந்ததும் அனைத்தையும் மறந்து பழைய வழிக்கே திரும்பிவிடுவதையும் திருக்குர்ஆன் ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களில் எடுத்துரைக்கின்றது. அது கடலோடிகளை மட்டும் குறித்ததன்று. நம் ஒவ்வொருவரையும் குறித்ததாகும். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது நேர்ச்சை செய்கிறோம். வழக்கில் சிக்கியபோதும், வணிகம் நொடித்தபோதும் வாக்களிக்கிறோம். காய்ச்சல் தணிந்ததும் அந்த நேர்ச்சை எங்கே போய்விடுகிறது?

இவரோ மறக்கவில்லை. அதன் பின்னர் இவருடைய மூத்த சகோதரர் ஜெரூசலம் சென்று திரும்பியபோது, திருக்குர்ஆனின் மொழிபெயர்ப்பு ஒன்றை இவருக்குப் பரிசாக அளித்தார். சகோதரரும் முஸ்லிம் அல்லர்; கொடுத்தவருக்கும் அதன் மதிப்பு அப்போது முழுமையாகத் தெரிந்திராது. படிக்கப் படிக்க இவருடைய உள்ளம் இளகியது. யூசுப் (அலை) அவர்களின் வரலாறு கூறும் அத்தியாயம் அவரை ஆட்கொண்டது. கிணற்றில் எறியப்பட்டு, சில வெள்ளிக் காசுகளுக்குச் சந்தையில் விற்கப்பட்ட அழகிய இளைஞரின் வரலாறன்றோ அது! தம் முகமும் குரலும் சந்தைப் பொருளாகிவிட்ட ஒருவருக்கு அவ்வரலாறு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்!

1977ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் பள்ளிவாசலில் அவர் கலிமா மொழிந்தார். அடுத்த ஆண்டு யூசுப் இஸ்லாம் என்னும் பெயரை ஏற்றார். 1979 நவம்பரில் உலகக் குழந்தைகள் ஆண்டையொட்டி லண்டனில் நிகழ்ந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பாடிவிட்டு மேடையை விட்டு விலகினார். கிட்டார்களையும் 1981ஆம் ஆண்டு ஏலத்தில் விற்று, கிடைத்த பணத்தை அறப்பணிக்கு அளித்தார்.

பறிபோனது எது?

மார்க்கம் ஒரு குரலைப் பறித்துக்கொண்டது என்று ஏங்குவோர், அதன் பின் நடந்தவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் எங்கே விளையாடுவர் என்று பாடியவர், 1983ஆம் ஆண்டு லண்டனில் குழந்தைகளுக்காக இஸ்லாமியா பள்ளியை நிறுவினார். பல ஆண்டுகள் முயன்றதன் பயனாக, 1998ஆம் ஆண்டு பிரிட்டனில் அரசு நிதியுதவி பெற்ற முதல் முஸ்லிம் பள்ளிகளுள் ஒன்றாக அது உயர்ந்தது. 1985ஆம் ஆண்டு, ஆப்பிரிக்கா பஞ்சத்தால் வாடிய காலத்தில் உருவான முஸ்லிம் எய்ட் என்னும் துயர்துடைப்பு அமைப்பின் முதல் தலைவராகவும் அவர் பணியாற்றினார். பாட்டிலே கேள்வியாக இருந்தது வாழ்விலே செயலாக மலர்ந்தது. இதனை இழப்பென்று எவர் கூறுவார்?

எனினும் வரலாறு இங்கே முடியவில்லை. 1995ஆம் ஆண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை ஒலிப்பதிவாக அவர் வெளியிட்டார். போஸ்னியப் போரில் வதைபட்ட மக்கள் தம் துயரத்தையும் ஈமானையும் பாடல்களாகப் பாடியது அவருடைய உள்ளத்தை அசைத்தது. மகன் வீட்டிற்குக் கொண்டுவந்த கிட்டார் மீண்டும் கைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டு புதிய பாடல் தொகுப்பு வெளியாயிற்று. ரசிகர்கள் மகிழ்ந்தனர், ஆனால் நம்மவர் பலர் முகம் சுளித்தனர்.

ஃபிக்ஹு நூல்களை ஓதியவன் என்ற முறையில் இதனை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. நரம்பு வாத்தியங்களைக் கூடாதென்று விலக்கியோர் நான்கு மத்ஹபுகளின் சட்ட அறிஞர்களிலும் பெரும்பாலோர். இப்னு ஹஸ்ம் போன்றோர் அனுமதித்துள்ளனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் இதற்கெனத் தனிப் பகுதியே வகுத்து, கேட்பவரின் உள்ளம், பாடலின் பொருள், இடம், காலம் ஆகியவற்றை எடைபோட்டு ஆராய்ந்துள்ளார்கள். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதை அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதும் புகாரியில் பதிவாகியுள்ளது.

பேணுதலை நாடி விலகியிருப்பதே மேலென்பது என் கருத்து. ஆயினும், கருத்து வேறுபாடுள்ள ஒன்றில் சகோதரர் ஒருவரின் ஈமானை எடைபோடும் தராசு நம் கையில் தரப்படவில்லை. யூசுப் இஸ்லாம் அவர்கள் தம் நிலைக்கான காரணங்களை 2014ஆம் ஆண்டு தனி நூலாகவே எழுதினார். மார்க்கச் சான்றுகளை ஆராய்ந்து பதில் கூறிய அந்தப் பொறுப்புணர்வையேனும் நாம் மதிக்க வேண்டும். கிட்டாரை வைத்தபோதும் எடுத்தபோதும் இறைவனுக்கு அளித்த வாக்கை அவர் கைவிடவில்லை. 2019ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரில் திறக்கப்பட்ட பள்ளிவாசல் எழும்பத் துணை நின்றவர்களுள் அவரும் ஒருவர்.

தந்தையும் மகனும்

2020ஆம் ஆண்டு அவர் தம் பழைய இசைத்தட்டை மீண்டும் பதிவு செய்தார். தந்தையும் மகனும் பேசும் பாட்டில் மகனுக்குரிய அடிகளை 1970ஆம் ஆண்டு மேடையொன்றில் பதிவான தம் இளமைக் குரலே பாடுமாறு விட்டு, தந்தைக்குரிய அடிகளைத் தம் முதுமைக் குரலில் பாடினார். தேடித் திரிந்தவனும் வழி கண்டவரும் ஒரே பாட்டில் சந்தித்தனர்.

இதில் பெற்றோருக்கு ஒரு பாடமுண்டு. இன்று வேறெங்கோ மனம் அலையும் மகனைக் கண்டு, இவன் தேறமாட்டான் என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். 1971ஆம் ஆண்டு அந்த அரங்கில் பாடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருநாள் ஸஜ்தாவில் நெற்றி பதிப்பார் என்று எவர் எண்ணியிருப்பார்? அவருக்காக துவாச் செய்யுங்கள் என்று சொல்லவும் அன்று அங்கே ஒருவரில்லை. உங்கள் மகனுக்கோ நீங்கள் இருக்கிறீர்கள்.

நமக்கும் ஒரு பாடமுண்டு. நேர்ச்சையை நிறைவேற்றுவோரை நல்லடியார்களின் வரிசையில் வைத்துத் திருமறை புகழ்கின்றது. இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பின் சற்று அமர்ந்து, அலைகளின் நடுவே நாம் அளித்த வாக்குகள் எவையெவை, அவற்றுள் கரையில் மறந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்போமாக! எண்ணியதை நிறைவேற்றும் உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.